குமுளி மலை ஏறும்போது கார் ஹீட் ஆகிறது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

கழற்றாதீர்கள். தேனி, கம்பம் பக்கம் இந்த யோசனையைச் சொல்லாத பட்டறை குறைவு. அதை நம்பி சிலிண்டர் ஹெட் (இன்ஜினின் மேல் பாகம்) வளைந்து லேத்துக்குப் போகும் கார்களும் குறையவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கூடலூர் வரை சமதளத்தில் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நிற்கிறது, லோயர் கேம்ப் பவர்ஹவுஸைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் சிவப்பை நோக்கிப் போகிறது, இறங்கினால் தானாகச் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். எட்டுப் பத்து வருடம் ஓடிய சின்ன கார், மின்சார ஃபேன், ரேடியேட்டரில் குறையும்போதெல்லாம் போர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பொலிரோ மாதிரி வண்டி என்றால் ஃபேன் பற்றிய பகுதி மட்டும் கொஞ்சம் மாறும்.

தெர்மோஸ்டாட் ஒரு வால்வு. இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றவிடும். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்ததும் திறக்கும். பெரும்பாலான கார்களில் இது 82 முதல் 88 டிகிரிக்குள் நடக்கும். எந்த டிகிரி என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். பலரும் கவனிக்காத விஷயம், நிறைய இன்ஜின்களில் அதன் அடிப்பக்கம் இன்னொரு தட்டு இருப்பது. ரேடியேட்டர் வழி திறக்கத் திறக்க, தண்ணீர் இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அந்தத் தட்டு மூடும். மொத்தமாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் மறுபடி இன்ஜினுக்குள் போகும். அதாவது சமதளத்தில் இன்ஜின் தேவைக்கு மேல் குளிர்ந்து கிடக்கும், மலையில் முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும்.

குளிர்ந்து கிடப்பதும் நல்லதல்ல. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதல் எரிபொருள் கொடுக்கும். மைலேஜ் போகும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடு கட்டும். பிஎஸ்-6 டீசல் என்றால் புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளாது. “எங்க ஜீப் பத்து வருஷமா தெர்மோஸ்டாட் இல்லாமத்தான் ஓடுது” என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். பழைய ஜீப் இன்ஜினின் அமைப்பு வேறு, அதில் கம்ப்யூட்டரும் இல்லை. அதுகூட ஓடுகிறது, தேய்ந்துகொண்டே ஓடுகிறது.

தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் கழற்றிச் சோதியுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வையுங்கள். அச்சடித்த டிகிரிக்கு ஓரிரண்டு முன்னே பின்னே திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். பாதியில் நின்றால் அதே டிகிரியில் புதுசு வாங்கிப் போடுங்கள். மாட்டும்போது விளிம்பில் ஆடும் குட்டி ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் குற்றவாளி தெர்மோஸ்டாட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. சமதளத்தில் 60, 70 வேகத்தில் காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். குமுளி ஏற்றத்தில் சில கிலோமீட்டருக்குள் 400 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். இன்ஜினுக்கு முழுச் சுமை, வேகமோ 20, 25. அங்கே ஃபேன்தான் எல்லாம். முதலில் அதைப் பாருங்கள். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறது என்பதால் ஃபேன் சரி என்று முடிவு கட்டாதீர்கள். நிறைய கார்களில் இரண்டு வேகம் உண்டு. ஏசிக்குச் சுற்றுவது மெதுவான வேகம். மலைக்கு வேண்டிய வேகமான சுற்றுக்குத் தனி ரிலே, அது செத்திருந்தால் சமதளத்தில் தெரியவே தெரியாது. இக்னிஷனைப் போட்டு, கூலன்ட் சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கினால் பல கார்களில் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். ஓடவில்லை என்றால் ரிலே, ஃபியூஸ், வயர் என்று வரிசையாகப் பாருங்கள். ஓடினாலும் சோர்ந்து ஓடினால் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கும். முன்பக்கம் இடித்து வேலை பார்த்த கார் என்றால் ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்காது, பக்கத்தில் கிடைக்கும் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். பொலிரோ வகையில் ஃபேன் நடுவில் உள்ள விஸ்கஸ் கிளட்சை (சூடானதும் ஃபேனை இன்ஜினோடு பிணைக்கும் பாகம்) சோதியுங்கள்: சூடான இன்ஜினை நிறுத்தியபின் சாவியையும் எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் தள்ளினால் இறுக்கமாக நகர வேண்டும். தட்டியதும் தடையில்லாமல் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது.

அடுத்து, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கு. முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஆனால் நடுவில் மண்ணும் பூச்சியும் பஞ்சும் சேர்ந்து ஜமுக்காளம் மாதிரி கிடக்கும். மேல் கிளிப்புகளைக் கழற்றி ரேடியேட்டரைக் கொஞ்சம் சாய்த்து, இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். வாட்டர் வாஷ் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டு இதழ்கள் மடங்கிவிடும், அதன்பின் காற்றே போகாது.

மூன்றாவது ரேடியேட்டர் மூடி. மிக மலிவான பாகம், யாரும் மாற்றுவதில்லை. மூடியில் 0.9 அல்லது 1.1 (பார்) என்று போட்டிருக்கும். அந்த அளவு அழுத்தத்தை அது தாங்கிப் பிடிக்க வேண்டும். அழுத்தம் குறையாமல் நின்றால், தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 125 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். மூடி தளர்ந்து, உள்ளே வெறும் தண்ணீராகவும் இருந்தால் 100-க்கே கொதித்துவிடும். குமுளி உயரத்தில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி முன்பே. ரப்பர் வெடித்திருந்தால் அதே எண் போட்ட மூடியாக வாங்குங்கள். இன்ஜின் ஆறியபின் மேல் ஹோஸ் உள்வாங்கிச் சப்பிக் கிடந்தாலும் மூடிதான் காரணம்.

போர் தண்ணீரைப் பற்றி. வீட்டுக் குழாயிலும் ஹீட்டரிலும் வெள்ளையாகப் படியும் உப்பு, இன்ஜினுக்குள் மட்டும் படியாதா? அதிகச் சூடு உள்ள இடத்தில்தான் முதலில் படியும், அதாவது சிலிண்டர் ஹெட்டில். அங்கே படிந்தால் உலோகத்தின் சூடு தண்ணீருக்கு இறங்காது. முள் சரியாகக் காட்டும்போதே ஹெட் அளவுக்கு மீறிச் சுட்டுக்கொண்டிருக்கும். ஒழுகலை அடைக்க மஞ்சள் பொடி போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது ஓட்டையை மட்டும் அடைக்காது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். உள்ளே அடைத்திருந்தால் ரேடியேட்டரில் சில இடங்கள் மட்டும் குளிர்ந்திருக்கும். அகச்சிவப்பு தெர்மாமீட்டரால் பார்த்தால் தெரியும். பழைய பித்தளை ரேடியேட்டரைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்ததை மாற்றுவதுதான் வழி.

கூலன்ட் மாற்றும்போது ஒரு கணக்கு தவறுகிறது. சின்ன காரில் மொத்தம் 4 முதல் 6 லிட்டர் பிடிக்கும். கீழ் ஹோஸைக் கழற்றி வடித்தாலும் இன்ஜின் பிளாக்கில் கொஞ்சம் தங்கும். தண்ணீர் விட்டு அலசியபின் ரெடிமிக்ஸ் (தண்ணீர் கலந்தே வரும்) கூலன்ட் ஊற்றினால் அந்தத் தங்கிய தண்ணீரோடு சேர்ந்து நீர்த்துவிடும். அதனால் கடைசி அலசலை பேட்டரி தண்ணீரில் (டிஸ்டில்டு வாட்டர்) செய்து, மொத்தம் 5 லிட்டர் என்றால் முதலில் தண்ணீர் கலக்காத கூலன்ட் கான்சன்ட்ரேட்டை 2.5 லிட்டர் ஊற்றி, மீதியை பேட்டரி தண்ணீரால் நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கார் புத்தகத்தில் சொன்ன வகையைப் பாருங்கள்.

வெளியே ஒழுகாமலே தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகடு) சந்தேகப்பட வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், அது சூட்டின் அழுத்தமல்ல, சிலிண்டர் வாயு. நீலத் திரவம் வைத்துச் சோதிக்கும் கருவி சில பட்டறைகளில் உண்டு. சிலிண்டர் வாயு கலந்திருந்தால் அந்தத் திரவம் பெட்ரோல் இன்ஜினில் மஞ்சளாகவும், டீசல் இன்ஜினில் பச்சையாகவும் மாறும். அதைப் பார்க்காமல் ஹெட்டைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

இதையெல்லாம் சரிசெய்யும்வரை மலை ஏற வேண்டியிருந்தால் மூன்றாம் கியரில் இழுக்காமல் இரண்டாம் கியரில் 2,500 சுற்று வாக்கில் ஏறுங்கள். வாட்டர் பம்ப் வேகமாகச் சுற்றும். முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் ஃபேனோடு திறந்துவிடுங்கள். அதற்கும் இறங்காவிட்டால், அல்லது ஆவி வந்தால், ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். மூடியை அரை மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். சூடான அலுமினிய ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். இதே மலையிலும் கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகளிலும் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகின்றன. அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, எஃப்சி (தகுதிச் சான்று) நாளுக்கு மட்டும் பிரேக் ஷூ போடும் வண்டிகள் அவற்றில் உண்டு. அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள் வண்டியின் நிலையைக் கேட்கும் இடத்தில் இல்லை. உரிமையாளர்கள் கேட்க வேண்டும், எல்லையில் சோதிப்பவர்கள் கேட்க வேண்டும். பட்டறைக்காரர்களும் “இது போதும், ஓடும்” என்று அனுப்பக் கூடாது.

கடைசியாக, எந்த வேலை பார்த்தாலும் காற்றை எடுக்காமல் வண்டியை வாங்காதீர்கள். முன்பக்கம் உயரமாக நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விட வேண்டும். மறுநாள் காலை குளிர்ந்திருக்கும்போது அளவைப் பார்த்து நிரப்பிவிட்டு, அதன்பிறகு மலை ஏறுங்கள்.