4.4 பாகை எந்த ஊர்க் கணக்கு?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மேல்தளத்தில் இருக்கிறோம். 2050இல் கொழும்பில் வெப்பம் 4.4 பாகை கூடிவிடும், ஐ.நா. அறிக்கையிலேயே இருக்கிறது என்று கூரைப் பூச்சு விற்கும் ஏஜென்ட் ஒரு தாளைக் காட்டி முற்பணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: முற்பணம் கொடுக்காதீர்கள். 4.4 பொய் எண் இல்லை, ஆனால் கொழும்புக்கும் 2050க்கும் உரியது அல்ல. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2021இல் வெளியிட்ட அறிக்கையில் அது முழு உலகின் சராசரி, 2081–2100 காலத்துக்கு உரியது. அதுவும் புகை வெளியேற்றம் கட்டுக்கடங்காமல் போனால்தான். நடுத்தரமாகப் போனால் அதே காலத்துக்கு 2.7; கடுமையாகக் குறைத்தால் 1.8.

இதில்தான் ஏஜென்ட்மாரின் வித்தை இருக்கிறது. இந்த எண்கள் எல்லாம் 1850–1900 காலத்திலிருந்து எண்ணியவை. அதில் ஏறக்குறைய 1.1 பாகை 2011–2020க்குள்ளேயே கூடிவிட்டது. அவர்களோ முழு எண்ணையும் தூக்கி இன்றைய வெயிலுக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். எந்தத் தாளைக் காட்டினாலும் எந்த ஆண்டிலிருந்து, எந்த ஆண்டுக்கு, எந்த இடத்துக்கு என்று கேளுங்கள். பலர் அத்துடன் எழுந்து போய்விடுவார்கள்.

2024இல் உலகம் 1.5 பாகையைத் தாண்டிவிட்டதே என்பார்கள். தாண்டியது உண்மை. ஆனால் அது ஓர் ஆண்டு. அதன் தொடக்கத்தில், பசிபிக் கடல் சூடாகி உலக வெப்பத்தைத் தற்காலிகமாக ஏற்றும் எல் நினோவும் இருந்தது. வெப்பத்தை 1.5 பாகைக்குள் நிறுத்த முயல்வதாக நாடுகள் ஒப்புக்கொண்ட பாரிஸ் உடன்படிக்கையின் எல்லையை ஓர் ஆண்டை வைத்து அளப்பதில்லை, ஏறத்தாழ இருபது ஆண்டுச் சராசரியை வைத்தே அளப்பார்கள். ஒரு நாள் காய்ச்சலை வைத்து ஆயுளைச் சொல்ல முடியுமா? அதற்காக அந்த ஆண்டைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. அப்படியான ஆண்டுகள் அடுக்கி வந்தால் சராசரியும் அங்கேதான் போய் நிற்கும்.

சரி, அப்போ பயம் வேண்டாமா? வேண்டும். 32 பாகையும் 70 வீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடம்புக்கு 41 போல இருக்கும், வியர்வை காயாது. அதனால் நமக்கு அரைப் பாகையும் பாரம்தான். இரவு ஒன்பது மணிக்கு உங்கள் மேல்தட்டைத் தொட்டுப் பாருங்கள். பகல் குடித்த சூட்டைக் கொன்கிரீட் அப்போதும் விட்டுக்கொண்டிருக்கும்.

இந்த ஊரின் பழைய வெப்பப் பதிவைப் பார்க்க ஒரு குடிமகன் விண்ணப்பமும் கட்டணமுமாக அலையவேண்டியிருக்கிறது. மக்கள் காசில் எடுத்த பதிவு அது! கைக்கெட்டியிருந்தால் ஏஜென்டின் தாளை யார் வாங்கிப் பார்க்கப்போகிறார்கள்?

வெள்ளைப் பூச்சு பலன் தரும், ஆனால் கொழும்பு மழையில் பாசி பிடித்துக் கறுத்தால் பலன் குறைந்துவிடும். மேல்தளம் பொது இடம் என்றால் நிர்வாகக் குழுவின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் வெடிப்புகளை அடைத்து, ஒரு மழை பார்த்து, ஒழுகாவிட்டால் மட்டும் மேசன் பாஸைப் பூசச் சொல்லுங்கள்.