கேள்வி-பதில்: தன்னை அறியும் விளையாட்டைச் சனத்துக்கு முன் வைக்கும்போது

காயை உருட்டி நகர்த்தி, விழுகிற அட்டையில் உள்ள கேள்விக்குத் தன்னைப் பற்றிப் பதில் சொல்லும் பலகை விளையாட்டைச் செய்து விழாக்களில் ஆட வைப்பவர்கள் எழுதிய கடிதங்கள் இவை. இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் கொழும்பில் நடக்கும் செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

புத்தகக் கண்காட்சியில் தனிக் கூடம் எடுக்கலாமா? எங்கள் விளையாட்டை முழுதாக ஆட ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். (வெள்ளவத்தை)

முதல் வருடம் எடுக்காதீர்கள். கண்காட்சி நடக்கும் பண்டாரநாயக்க மண்டபத்துக்கு வருகிற சனம் கையில் பட்டியலோடு வருகிறது. பிள்ளைக்குப் பயிற்சிப் புத்தகம், தங்களுக்கு ஒரு நாவல், அதற்குள் கால் நோகத் தொடங்கிவிடும், திரும்பிப் போக பஸ் பிடிக்க வேண்டும். அவர்களை ஒன்றரை மணித்தியாலம் உட்கார வைக்க யாராலும் முடியாது. தெரிந்த புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம் ஒரு மேசை போடுகிற அளவு இடம் கேளுங்கள். விற்பதில் அவருக்கு ஒரு பங்கு கொடுங்கள். தனிக் கூடத்தின் வாடகையை விட அது மலிவாக முடியும்.

அப்புறம், கண்காட்சிக்கென்று பத்து நிமிட ஆட்டம் ஒன்றைத் தனியாக அமைக்க வேண்டும். நாலு பேர், ஆளுக்கு இரண்டு உருட்டல், ஆளுக்கு ஒரு கேள்வி. அதற்கு ஒரு கடைசிக் கட்டமும் இருக்க வேண்டும். பாதியில் எழும்பிப் போகிறவருக்குக் குறை மனம்தான் மிஞ்சும். முடித்துவிட்டு எழும்புகிறவர் பெட்டியின் விலையைக் கேட்பார்.

ஒவ்வொருவர் முன்னாலும் ‘விடுகிறேன்’ என்று எழுதிய அட்டை ஒன்றை வையுங்கள். அதைப் போட்டால் கேள்வி போய்விடும். ஏன் விட்டீர்கள் என்று கேட்கக் கூடாது, தண்டனையாகக் காயைப் பின்னால் நகர்த்தவும் கூடாது. இதை முன்பும் எழுதியிருக்கிறேன், இந்தப் பதில்களிலும் இன்னும் இரண்டு இடத்தில் எழுதப் போகிறேன்.

நான் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறேன். அதைப் பிரபலமாக்க வழி சொல்லுங்கள். (ஊர் எழுதவில்லை)

என்ன விளையாட்டு, எத்தனை பேர் ஆடுவது, யாருக்காகச் செய்தீர்கள், எந்த மொழி, எத்தனை பிரதி கையில் இருக்கிறது? ஒன்றும் எழுதாமல் வழி கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? முதலில் உங்களைத் தெரியாத பத்துப் பேரோடு ஆடிப் பாருங்கள். சொந்தக்காரர் கணக்கில் சேராது. ஒவ்வொருவரும் எந்த இடத்தில் விதியைத் திரும்பக் கேட்டார் என்று குறித்து வையுங்கள். அந்தத் தாளோடு மறுபடி எழுதுங்கள், பதில் தருகிறேன்.

நவராத்திரிக்குக் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை கேட்டோம். தாயக்கட்டை இருப்பதால் சூதாட்டம் மாதிரித் தெரியும் என்று அறங்காவலர் ஒருவர் தடுக்கிறார். (கொட்டாஞ்சேனை)

அவரிடம் பரமபதத்தைப் பற்றிப் பேசுங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்கு நம்முடைய பாட்டிமார் ஆடியது அதைத்தான். ஏணிக்கு ஒரு நற்குணத்தின் பெயர், பாம்புக்கு ஒரு தீக்குணத்தின் பெயர். கோபத்தால் சறுக்கினேனா, பொறாமையால் சறுக்கினேனா என்று ஆடுகிறவர் தனக்குள் கேட்டுக்கொள்வார். பழைய பலகைகள் பலவற்றில் ஏணியை விடப் பாம்புகள் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது இங்கிலாந்துக்குப் போய், அங்கே பிள்ளைகளின் பொழுதுபோக்காக மாறித் திரும்பி வந்ததைத்தான் இன்றைக்குப் பாம்பும் ஏணியும் என்று கடையில் வாங்குகிறோம். தன்னை அறிவதற்குப் பலகையும் காயும் வைத்துக்கொள்வது வெளிநாட்டுப் புதுமை என்று நினைப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

தாயக்கட்டைதான் கண்ணை உறுத்துகிறது என்றால் சோழிக்கு மாறுங்கள். இன்னொரு வசதியும் உண்டு. சித்திரைப் புத்தாண்டில் சிங்களக் குடும்பங்கள் ‘பஞ்ச’ என்ற பலகை விளையாட்டை ஆடுவது சோழி போட்டுத்தான். ஏப்ரலில் கந்தோர் விழாக்களுக்குப் போகும்போது சோழியைக் கண்டதும் அவர்கள் தாங்களாகவே உட்காருவார்கள். இவ்வளவும் சொல்லிய பிறகும் அறங்காவலர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அது அவர்களுடைய மண்டபம்.

காலி முகத்திடலில் மாலை நேரம் வைத்தால் எப்படி? (மருதானை)

காற்று. உங்கள் அட்டைகளைக் கடலில்தான் பொறுக்குவீர்கள்.

எங்கள் பலகைகள் இரண்டு மாதத்தில் ஓரம் வளைந்துவிட்டன. அச்சகக்காரர் ஈரப்பதம் என்கிறார். (தெஹிவளை)

அவர் சொல்வது பாதி சரி. கொழும்புக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, அதற்கு ஏற்றபடி செய்து தருவதும் அவருடைய வேலைதான். பலகையின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் வளையத்தான் செய்யும். இரண்டு மில்லிமீற்றர் சாம்பல் அட்டை எடுத்து இரண்டு பக்கமும் தாள் ஒட்டச் சொல்லுங்கள். லாமினேட் மங்கல் வகையாக இருக்கட்டும். பளபளப்பு வகை மண்டப விளக்கில் கூசும், எழுத்துத் தெரியாது. 500 பிரதி ஒப்செட்டில் அடித்தால் மலிவு என்பார்கள். மலிவுதான். ஆனால் 20 பிரதியை டிஜிட்டலில் அடித்து இரண்டு விழா பார்க்காமல் 500க்குப் போகாதீர்கள். முதல் விழா முடிந்ததும் எப்படியும் நாலு அட்டையை மாற்றுவீர்கள்.

கடந்த மாத விழாவில் ‘சிறு வயதில் வாழ்ந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள், என்ன தெரிகிறது?’ என்ற அட்டை ஒரு அம்மாவுக்கு விழுந்தது. அவர் அழுதுவிட்டார். சுற்றி நின்றவர்கள் உருகிப் போனார்கள். எங்கள் ஆள் வீடியோ எடுத்திருக்கிறார். முகத்தை மறைத்துப் போட்டால் விளம்பரத்துக்கு உதவுமா? (பம்பலப்பிட்டி)

அழித்துவிடுங்கள். இன்றைக்கே, எடுத்தவருடைய தொலைபேசியிலிருந்தும் சேர்த்து.

முகத்தை மறைத்தால் போதும் என்கிறீர்கள். கொழும்பில் நம்முடைய சனம் எவ்வளவு? சேலையையும் குரலையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். மாலைக்குள் அவருடைய மகளுக்குப் போய்ச் சேரும், இரவுக்குள் கனடாவில் இருக்கிற தம்பிக்குப் போய்ச் சேரும். அந்த அம்மா உங்களிடம் வந்தது ஒரு விளையாட்டைப் பார்க்க.

வீடியோவுக்கு முன்னால் அந்த அட்டையைப் பற்றிப் பேச வேண்டும். வெளிநாட்டில் அச்சான கேள்விப் பெட்டிகள் பலவற்றில் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஒரே ஊரில், ஒரே வீட்டில் வளர்ந்தவருக்கு அது இனிமையான கேள்வி. இங்கே உங்கள் மேசையில் வந்து உட்காரும் நாலு பேரில் ஒருவருடைய வீடு 83 ஜூலைக் கலவரத்தில் எரிந்திருக்கலாம். இன்னொருவர் 90 ஒக்டோபரில் கையில் ஒரு பையோடு யாழ்ப்பாணத்தை விட்டு அனுப்பப்பட்ட முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையாக இருக்கலாம். 95இல் போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து மழையில் நடந்தவராக இருக்கலாம். 2004இல் கடல் கொண்டு போன வீடாக இருக்கலாம். அவர்களிடம், கூட்டத்துக்கு நடுவில், பக்கத்துக் கூடத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் போய்ப் பாருங்கள் என்று சொல்கிறோம். ‘நீங்கள் எந்த ஊர்?’ என்பதுகூட இந்த நகரத்தில் லேசான கேள்வியாக இருந்ததில்லை. அதைச் சோதனைச் சாவடியில் கேட்டுப் பழகிய தலைமுறை இன்னும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு விழாவில் என்னையும் மேசை நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஏற்பாட்டாளர் மைக்கைக் கொண்டுவந்து ஒரு இளைஞனின் வாய்க்கு நேரே பிடித்தார். அந்தப் பிள்ளையின் கையில் ‘யாரிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறீர்கள்?’ என்ற அட்டை இருந்தது. பேச வாய் எடுத்தவன் மைக்கைக் கண்டதும் நிறுத்திவிட்டு, அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனான். நான் மைக்கைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். தட்டிவிடவில்லை. ஏற்பாட்டாளரோடு முகம் முறிய வேண்டாம் என்று நினைத்துவிட்டேன். அவன் பிறகு எந்த விழாவிலும் என் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து என் மேசைக்குப் பக்கத்தில் மைக், கமெரா இரண்டும் வரக் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே, விழாவுக்குக் கொண்டு போகும் கேள்விகளை வீட்டுப் பெட்டியிலிருந்து பிரித்து வையுங்கள். வீடு, ஊர், இழந்தவர், மன்னிப்பு, அப்பா அம்மா, இவை வீட்டில் ஆடும் பெட்டிக்குள் இருக்கட்டும். அங்கே கதவைச் சாத்தலாம், தேத்தண்ணி போடலாம், அழுதவருக்குப் பக்கத்தில் அவரைத் தெரிந்த ஒருவர் இருப்பார். விழா மேசைக்கு ‘கடைசியாக எதற்கு வாய்விட்டுச் சிரித்தீர்கள்?’, ‘எந்த வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்?’ போன்றவை போதும். இவற்றுக்குப் பதில் சொல்லும்போதே தன்னைப் பற்றி ஒன்று தெரிந்துவிட்டது என்று ஆச்சரியப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘விடுகிறேன்’ அட்டையும் இருக்க வேண்டும். அந்த அம்மாவின் முன்னால் அது இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை.

அவரைத் தெரிந்தவர் மூலம் தேடிப் போய், வீடியோவை அழித்துவிட்டோம் என்று சொல்லுங்கள். விளம்பரத்துக்குப் படம் வேண்டுமென்றால் பலகையையும் காயையும் எடுங்கள், கைகளை எடுங்கள். சிரிக்கிற முகம் வேண்டுமென்றால் ஆட்டம் முடிந்த பிறகு கேட்டு, சரி என்றால் எடுங்கள்.

இந்த விளையாட்டு மன அழுத்தத்தைக் குணமாக்கும் என்று பனரில் போடலாமா? (கல்கிசை)

போடவே கூடாது. இது மருந்து இல்லை, நீங்கள் மருத்துவரும் இல்லை. மேசையில் யாராவது தாங்க முடியாத துயரத்தைச் சொன்னால் ஆட்டத்தை நிறுத்துங்கள், ஆலோசனை சொல்லப் புறப்படாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும், துயரத்தில் இருப்பவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் சுமித்ரயோ அமைப்பின் விபரத்தையும் சின்னத் தாளில் அச்சடித்து மேசைக்குக் கீழே வைத்திருங்கள். தேவைப்படுபவரின் கையில் மற்றவர் பார்க்காமல் கொடுக்கலாம்.

தமிழில் எழுதிய அட்டைகளை அப்படியே சிங்களத்துக்கு மொழிபெயர்த்தால் போதுமா? (கொழும்பு 7)

போதாது. சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் கேள்வியின் நோக்கத்தைச் சொல்லி, அவரையே புதிதாக எழுதச் சொல்லுங்கள். தமிழிலும் கவனம் வேண்டும். ஆங்கில அட்டை ஒன்றைப் பெயர்த்து ‘உங்கள் எல்லைகள் எவை?’ என்று ஒருவர் போட்டிருந்தார். உட்கார்ந்த ஐயா ஒருவர் தன் காணிப் பிணக்கைச் சொல்லத் தொடங்கிவிட்டார். ‘எதற்கு உங்களுக்கு “முடியாது” என்று சொல்ல வருகிறதில்லை?’ என்று கேட்டிருந்தால் எல்லாருக்கும் புரிந்திருக்கும். மூன்று மொழி அட்டைகளையும் ஒரே கட்டில் கலக்காதீர்கள். மூன்று நிறத்தில் மூன்று கட்டு.

வெளிநாட்டில் வாங்கிய ஒரு விளையாட்டைத் தமிழாக்கி, கட்டணம் வாங்கி நடத்துகிறேன். தவறா? (வத்தளை)

அனுமதி இல்லை என்றால் தவறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. கேள்வி கேட்டுக் காயை நகர்த்துவது என்ற யோசனை எல்லாருக்கும் பொது. அந்தப் பெட்டியில் உள்ள வசனங்களும் படங்களும் ஒருவருடைய உழைப்பு. அமெரிக்காவில் ரியா ஜாக்கிச் என்ற பெண்மணி தொண்டைக் கோளாறால் மாதக் கணக்கில் பேச முடியாமல் இருந்தபோது, தன் குடும்பத்திடம் கேட்க நினைத்ததையெல்லாம் துண்டுக் காகிதங்களில் எழுதினார். 1970களில் ‘அன்கேம்’ விளையாட்டு பிறந்தது அப்படித்தான். உங்கள் வீட்டிலும் கேட்காமல் விட்ட கேள்விகள் இருக்கும். அவற்றை எழுதுங்கள்.

ஆடுகிறவர்களின் தொலைபேசி இலக்கத்தைப் பதிலோடு சேர்த்து ஒரே படிவத்தில் வாங்கலாமா? (வெள்ளவத்தை)

வாங்காதீர்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது சரியான வேலை இல்லை. இலக்கத்துக்கு ஒரு தாள், எதற்கு வாங்குகிறீர்கள் என்று மேலே ஒரு வரி, விரும்பியவர் மட்டும் எழுதட்டும். பதில்களை எழுதி வாங்கவே வேண்டாம். எழுத வைத்திருந்தால் அந்தத் தாளை அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.

பத்து நிமிட ஆட்டத்துக்குக் காசு வாங்கலாமா? (நுகேகொடை)

வேண்டாம். பெட்டியை விற்றுக் காசைப் பாருங்கள்.

போயா தினத்தில் விகாரமகாதேவி பூங்காவில் சும்மா ஒரு பாய் விரித்து ஆட வைக்கலாமா? (பொரளை)

நண்பர்கள் நாலு பேர் பாய் விரித்து ஆடுவது ஒன்று. பனர் கட்டிப் பெட்டி விற்பது வேறு. இரண்டாவதற்கு மாநகர சபையிடம் நேரகாலத்தோடு எழுத்தில் அனுமதி கேளுங்கள். காவலாளி ஒன்றும் சொல்லவில்லை என்பது அனுமதி ஆகாது. வெசாக், பொசன் நாட்களில் விற்பனை எண்ணத்தையே விடுங்கள். சனம் வந்திருப்பது வேறு காரியத்துக்கு.

மேசை போட்டு இரண்டு மணித்தியாலம் ஒருவரும் வரவில்லை. என்ன பிழை விட்டோம்? (கிருலப்பனை)

நீங்கள் அனுப்பிய படத்தில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையாக நின்று வாசலைப் பார்க்கிறீர்கள். அப்படி நின்றால் காசு கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்துச் சனம் விலகிப் போகும். இரண்டு பேர் மேசைக்கு முன்பக்கம் வந்து, போகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆடத் தொடங்குங்கள். நடிக்காமல் ஆட வேண்டும். கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் ‘விடுகிறேன்’ அட்டையைப் போடுங்கள். ஒருவர் அதைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு அடுத்த உருட்டலுக்குப் போவதைப் பார்த்தால்தான் பின்னால் நிற்கிறவருக்குத் தைரியம் வரும். பக்கத்தில் இரண்டு கதிரை காலியாக இருக்கட்டும். யாரையும் கூப்பிடாதீர்கள். எட்டிப் பார்க்கிறவருக்குக் கொஞ்சம் தள்ளி இடம் விடுங்கள், அவரே உட்காருவார்.