அம்மாவின் காணியும் அப்பாவின் கையெழுத்தும்

அன்புள்ள அக்கா,

நிலாவெளியில் அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணித்துண்டு ஒன்று இருக்கிறது. என் படிப்புச் செலவுக்காக அதை விற்க நினைத்தோம். அப்பா எங்களை விட்டுப் போய்ப் பதினொரு வருடங்கள். அவர் யாழ்ப்பாணத்தவர் என்பதால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் உறுதி எழுத முடியாது என்கிறார் நொத்தாரிசு. இந்தியாவில் இப்படியொரு சட்டமே இல்லை என்கிறாள் சென்னையில் படிக்கும் தோழி. அந்த நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைக் காட்டி இங்கே வழக்குப் போட முடியாதா?

வாசகி, அன்புவழிபுரம்

அன்புள்ள தங்கைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சம்மதத்தைக் கேட்கிற 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே ஒரு வழியும் இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், அவன் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம். அம்மா ஒரு சட்டத்தரணியைப் பிடித்து மனுப்போடட்டும். அப்பாவைத் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் தன் காணியை விற்க ஒரு பெண் ஏன் நீதிமன்றப் படியேற வேண்டும்? உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஒரே வீட்டில் பிறந்த அக்காவும் தங்கையும் என்று வைத்துக்கொள். அக்கா மட்டக்களப்பு மாப்பிள்ளையைக் கட்டினால் பொதுச் சட்டம். தன் காணியைத் தானே விற்கலாம். தங்கை யாழ்ப்பாணத்தவரைக் கட்டினால் அந்தத் திருமணம் நிலைக்கும்வரை யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை. கணவனின் கையெழுத்து வேண்டும். நம் திருகோணமலையில் ஒரே ஒழுங்கைக்குள் இரண்டு சட்டங்களும் குடியிருக்கின்றன.

இத்தனைக்கும் பெண்ணுக்குச் சொத்துக் கொடுப்பதில் தேசவழமை கஞ்சத்தனம் காட்டியதில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்தபோதே மகளின் சீதனத்துக்கு அதில் இடம் இருந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தமிழ்நாட்டு மகளுக்குப் பிறப்பால் வரும் பங்கு 1989இல்தான் சட்டமானது. அதுவும் அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு இல்லை. அதே பங்கை இந்தியா முழுவதற்கும் தந்த 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மீது எழுந்த குழப்பத்தை 2020இல்தான் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் தன் கைக்கு வந்த சொத்துக்கு இந்துப் பெண்தான் முழு உரிமையாளர் என்பதை 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. உன் தோழி சொல்வது அதைத்தான். அங்கே பங்கு தாமதமாக வந்தது, கையெழுத்து முன்பே வந்துவிட்டது. நமக்குக் காணி அன்றே வந்தது, கையெழுத்து இன்னும் வரவில்லை.

இனி உன் கேள்வி. நம் நீதிபதிகள் இந்தியத் தீர்ப்புகளைப் படிக்கிறார்கள், மேற்கோளும் காட்டுகிறார்கள். தடை வேறிடத்தில் இருக்கிறது. அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம், அரசியலமைப்புக்கு முன்பே இருந்ததானாலும், முரண்படும் அளவுக்குச் செல்லாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. நம் 1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையோ முன்பிருந்த எழுதிய, எழுதாத சட்டங்கள் எல்லாம் அடிப்படை உரிமைகளுக்கு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. பன்னிரண்டாம் உறுப்புரை சமத்துவம் தருகிறது. நான்கு உறுப்புரை தள்ளி அதன் கையைக் கட்டிப்போடுகிறார்கள்.

இந்தியாவிலும் அந்தக் கதவு முழுதாகத் திறந்ததில்லை. மணம், வாரிசுரிமை போன்றவற்றில் சமயத்துக்குச் சமயம் மாறும், தொகுக்கப்படாத தனியாள் சட்டங்கள் 13ஆம் உறுப்புரைக்குள் வரா என்று 1951இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது; அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. திருவிதாங்கூர் கிறிஸ்தவ மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்றிருந்த சட்டத்தை எதிர்த்து மேரி ராய் என்ற கேரளப் பெண் 1986இல் வென்றார். அப்போதும் உச்ச நீதிமன்றம் அதைச் சமத்துவத்தின் பெயரால் வீழ்த்தவில்லை. அச்சட்டம் 1951லேயே நீக்கப்பட்டுவிட்டது என்றுதான் தீர்ப்பளித்தது. ஆகவே நான் பொறாமைப்படுவது தீர்ப்புகளைப் பார்த்து அல்ல, கேட்பதற்கென்று ஒரு வாசல் இருப்பதைப் பார்த்து.

தேசவழமையில் கைவைத்தால் நம் அடையாளம் போய்விடும் என்று அஞ்சும் பெரியவர்களை எனக்குத் தெரியும். காணி பறிபோன திருகோணமலையில் அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் நான் கேட்பது கணவனின் சம்மதம் என்ற அந்த ஒரு நிபந்தனையை நீக்குவதை மட்டும்தான். அதுவும் பிரித்தானியர் காலச் சட்டவாக்க சபை இயற்றிய அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் வாசகம்.

புதிய அரசியலமைப்பு தருவதாகச் சொல்லிக்கொண்டு அடுத்த முறை உன் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம், பதினாறாம் உறுப்புரையை எடுத்துவிடுவீர்களா என்று கேள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதையும், அம்மாவின் மனு எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா