கலோரி எண்ணுறன், நடக்குறன், ஆனா வெயிட் குறையுதே இல்ல: உங்கட கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் நிறைய ஒரே கவலைதான். அளந்து சாப்பிடுறம், எக்ஸர்சைஸும் செய்யுறம், தராசு மட்டும் அசையுதில்ல எண்டு. இப்பிடி எழுதுற ஆக்கள் சோம்பேறியும் இல்ல, பொய் சொல்லுறவங்களும் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறன். எனக்கு இருக்கிற பயம் வேற, எண்ணுற கணக்கு சரியா எண்டு பாக்காமலே சாப்பாட்ட இன்னும் இன்னும் குறைச்சுக்கொண்டு போறீங்க.

கேள்வி: வயசு 34, வெள்ளவத்தை. ஆப்ல 1,200 கலோரிக்கு மேல போறதே இல்ல, தினமும் மரைன் டிரைவ்ல 5 கிலோமீட்டர் நடக்குறன். மூண்டு மாசமா 78 கிலோவிலயே நிக்குது. என்ட மெட்டபாலிசம் செத்துப்போச்சா?

இல்ல தங்கச்சி. இதே கேள்விய 1992ல நியூயோர்க்ல ஆராய்ச்சி செஞ்சு பாத்தாங்க, 1,200க்கு குறைய சாப்பிட்டும் இளைக்குதில்ல எண்டு சொன்ன 10 பேர எடுத்து, அவங்கட உடம்பு எவ்வளவு எரிக்குது எண்டு நேரடியாவே அளந்தாங்க. மெட்டபாலிசம் நோர்மல். ஆனா சாப்பிட்டத சராசரியா 47 சதவீதம் குறைச்சும், உடல் உழைப்ப 51 சதவீதம் கூட்டியும் எழுதியிருந்தாங்க. வேணுமெண்டு செய்யல, மனுசர் எல்லாருக்கும் இது நடக்கும்.

எங்கட குசினியில இது எங்க ஒளிஞ்சிருக்கு எண்டு சொல்லுறன். முதலாவது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி, தாளிக்கேக்க போத்தல அப்பிடியே சரிக்கிற வீட்டுல அது ரெண்டா மூண்டா எண்டு ஆருக்கும் தெரியாது. அடுத்தது தேங்காய், துருவின பூ 100 கிராம் 350 கலோரி அளவுல வரும், ஆப்ல "பருப்பு கறி" எண்டு போட்டா அது இந்தியாவுல தண்ணியா வைக்கிற பருப்ப காட்டும், உங்கட வீட்டு முதல் பால் விட்ட பருப்ப இல்ல. பிறகு பால்மா தேத்தண்ணி. ஒரு குவிச்ச மேசைக்கரண்டி பால்மா, ரெண்டு தேக்கரண்டி சீனி, அதுவே 80, 90 கலோரி, ஒபிஸ்ல நாலு தரம் குடிச்சா ஒரு நேர சாப்பாடு. சோத்துலயும் பிழை விடுறாங்க: 100 கிராம் அவிக்காத அரிசி 360, 100 கிராம் அவிஞ்ச சோறு 130. அரிசிய நிறுத்துட்டு ஆப்ல சோறு எண்டு போட்டா கணக்கு மூண்டுல ஒரு பங்காயிடும்.

ஒரு வேலை செய்யுங்க. கிழமை தொடக்கத்துல எண்ணெய் போத்தல தராசுல வைங்க, முடிவுல திரும்ப வைங்க, குறைஞ்சத வீட்டு ஆக்களால பிரிங்க, அப்பத்தான் உங்கட பங்கு தெரியும். ரெண்டு கிழமைக்கு எல்லாத்தையும் கிராம்ல நிறுத்து எழுதுங்க, ருசி பாக்கிற கரண்டி, பிள்ளை மிச்சம் வச்ச ரோல்ஸ், ஞாயிறு வீட்டுக்கு வெளியில சாப்பிட்ட கொத்து, எல்லாம். அப்பவும் 1,200தான் வந்து அசையாமலும் இருந்தா டொக்டரிட்ட போங்க, ஏனெண்டா 78 கிலோ ஆள் உண்மையிலேயே அவ்வளவு சாப்பிட்டு மூண்டு மாசம் குறையாம இருக்கிறது சரியான அரிது.

கேள்வி: ஸ்மார்ட் வோச் ஒரு நாளைக்கு 600 கலோரி எரிச்சிருக்கு எண்டு காட்டுது. அந்த 600ஐ சாப்பிடலாம்தானே?

சாப்பிடாதீங்க தம்பி. ஸ்டான்ஃபோர்ட் ஆக்கள் 2017ல 7 வோச் டெஸ்ட் பண்ணினாங்க, இதயத்துடிப்ப பெரும்பாலும் ஓரளவு சரியா காட்டிச்சு, கலோரியில நல்லது எண்டு வந்ததே சராசரியா 27 சதவீதம் பிழை. இன்னொண்டும் இருக்கு. தான்சானியாவுல வேட்டையாடி கிழங்கு தோண்டி நாள் முழுக்க நடக்குற ஹட்ஸா மக்கள 2012ல அளந்து பாத்தா, உடம்பு அளவ கணக்குல எடுத்த பிறகு, அவங்க எரிக்கிறது கதிரையில இருந்து வேலை செய்யுற மேற்கு நாட்டு ஆக்கள் எரிக்கிற அளவேதான். உடம்பு எக்ஸர்சைஸுக்கு செலவழிச்சத வேற இடத்துல மிச்சம் பிடிக்கும் எண்டு அந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்லுறாங்க. நடக்கிறத விடாதீங்க, இதயத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் அதவிட நல்ல மருந்து குறைவு, அத சாப்பாட்டு கூப்பன் ஆக்காம இருந்தா போதும்.

கேள்வி: ஜிம் போக தொடங்கி மூண்டு கிழமை, ஒண்டரை கிலோ கூடிட்டு! விடவா?

விடாதீங்க. அது கூடுதலா தண்ணி. புதுசா வேலை செய்யுற தசை வீங்கும், கிளைகோஜனும் (தசையில சேமிச்சு வைக்கிற மாச்சத்து) சேர்க்கும், ஒரு கிராம் கிளைகோஜன் கிட்டத்தட்ட மூண்டு கிராம் தண்ணிய பிடிச்சு வைக்கும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முதலும் இப்பிடி ஏறும். தினமும் காலையில நிறுத்து கிழமை சராசரிய பாருங்க, இடுப்ப டேப்பால அளங்க. எங்கட தெற்காசிய உடம்புக்கு ஆண்கள் 90 சென்ரிமீட்டர், பெண்கள் 80, இதுக்கு மேல போனா கவனம்.

கேள்வி: நைட் ஷிஃப்ட், பகல்ல அஞ்சு மணித்தியாலம்தான் நித்திரை. டயட் சரியாத்தான் இருக்கு.

நித்திரையும் டயட்டுட பாதிதான். 2010ல ஒரு சின்ன ஆராய்ச்சி, 10 பேருக்கு அளவான ஒரே சாப்பாடு, 14 நாள் எட்டரை மணித்தியாலமும் 14 நாள் அஞ்சரையும் படுக்க விட்டாங்க. ரெண்டுலயும் குறைஞ்ச எடை கிட்டத்தட்ட ஒரே அளவுதான், ஆனா நித்திரை குறைஞ்ச நேரம் கொழுப்பு போனது 55 சதவீதம் குறைவு, தசைதான் கூட போச்சு, பசியும் கூடினது. திக்கான கேர்ட்டின் போடுங்க, போன சைலன்ட்ல வைங்க, ஷிஃப்ட்டுட கடைசி பாதியில தேத்தண்ணி வேணாம். வீட்டு ஆக்களிட்டயும் இது என்ட ராத்திரி எண்டு சொல்லி வைங்க.

கேள்வி: தைரொய்டா இருக்குமா?

இருக்கலாம், டி.எஸ்.எச் எண்டு தைரொய்ட் பாக்கிற ஒரு இரத்த டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடும். ஆனா தைரொய்ட் குறைவால ஏறுறது பெரும்பாலும் சில கிலோதான், அதுலயும் நிறைய உப்பும் தண்ணியும். எடுக்கிற மருந்துகளையும் பாருங்க, பிரெட்னிசொலோன், இன்சுலின், ஓலன்சபின், வல்ப்ரோயேட், கர்ப்பத்தடை ஊசி, இதுகள் எடைய ஏத்தலாம். ஆனா டொக்டரிட்ட கேக்காம ஒண்டையும் நிப்பாட்டாதீங்க. மாதவிடாய் ஒழுங்கில்லாம முகத்துல முடியும் வந்தா பி.சி.ஓ.எஸ் (சூலக ஹோர்மோன் குழப்பம்) இருக்கா எண்டும் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: அம்மாவுக்கு 56, கொட்டாஞ்சேனை. 800 கலோரிதான் சாப்பிடுறா, பின்னேரம் நடக்குறா. ரெண்டு கிலோ குறைஞ்சு நிண்டுட்டு, இப்ப முடி கொட்டுது, எப்பவும் களைப்பு.

இந்தக் கேள்விதான் எனக்கு நித்திரை வராம செஞ்சது. டொக்டர் பாக்காம 800ல இருக்க ஏலாது, தயவுசெய்து நாளைக்கே நிப்பாட்டுங்க. மாதவிடாய் நிண்ட வயசுல தசை தானா குறையும், அதுல பட்டினியும் சேந்தா தசை இன்னும் வேகமா போகும், எரிக்கிற அளவும் இறங்கும். கடுமையா குறைக்கிற உடம்பு என்ன செய்யும் எண்டு அமெரிக்க டிவி எடை குறைப்பு போட்டியில இருந்த 14 பேர ஆறு வருசம் கழிச்சு பாத்ததுல தெரிஞ்சது: எடைய திரும்ப ஏத்தின பிறகும் அந்த உடம்பு அளவுக்கு எரிக்க வேண்டியத விட ஒரு நாளைக்கு 500 கலோரி அளவுல குறைவாத்தான் அவங்க உடம்பு எரிச்சது.

அம்மாட ஒவ்வொரு நேர சாப்பாட்டுலயும் புரதம் வைங்க. காலையில ரெண்டு முட்டை இல்லாட்டி அவிச்ச கடலை, மதியம் சோறு கைப்பிடி அளவு, மீன் ரெண்டு துண்டு, தேங்காய் குறைஞ்ச மரக்கறி ரெண்டு, கீரை. எடை ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல புரதம் வரணும், சிறுநீரக வருத்தம் இருந்தா மட்டும் டொக்டரிட்ட கேட்டு முடிவெடுங்க. நடைய கிழமைக்கு ரெண்டு நாள் நிப்பாட்டி, அந்த நேரம் கதிரையில இருந்து கை பிடிக்காம எழும்பி இருக்கட்டும், தண்ணி போத்தல தூக்கட்டும். ஃபெரிட்டின் (உடம்புல இருக்கிற இரும்புச்சத்து கையிருப்பு), ஹீமோகுளோபின், டி.எஸ்.எச் மூண்டும் பாருங்க. முடி கொட்டுறது பட்டினிக்கு ரெண்டு மூண்டு மாசம் பிந்தித்தான் வரும், நிக்கவும் சில மாசம் எடுக்கும், அதுக்குள்ள அம்மா பயந்து திரும்ப குறைக்காம பக்கத்துல இருந்து பாத்துக்கொள்ளுங்க.