முதுகில் கட்டும் சென்சார் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

கேள்வி: கோவையில் ஒரு பம்புசெட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். அசெம்பிளி பிரிவில் முதுகுவலி என்று விடுப்பு எடுப்பவர்கள் கூடிவருகிறார்கள். உடலில் அணியும் சென்சார்களை வாங்கினால், யாருக்குப் பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா?

பதில்: இன்னாருக்குப் பாதிப்பு வரும் என்று எந்தச் சென்சாரும் அறுதியிட்டுச் சொல்லாது. எந்த வேலை உடலை வருத்துகிறது, எவ்வளவு நேரம் வருத்துகிறது என்பதை அது காட்டும். அதற்காக வாங்குவதானால் தாராளமாக வாங்கலாம்.

நேரில் பார்த்து மதிப்பிடும் ரூலா முறை (1993) பெரும்பாலும் ஒரு கணத்தில் வேலை செய்பவரின் உடல் வளைந்திருக்கும் விதத்துக்கே மதிப்பெண் தருகிறது. சென்சாரோ ஷிஃப்ட் முழுவதையும் பதிவு செய்வதால், முதுகு 20 பாகைக்கு மேலும் 60 பாகைக்கு மேலும் எத்தனை நிமிடம் வளைந்திருந்தது என்று கணக்கிட முடிகிறது. புவியீர்ப்புத் திசையை ஆதாரமாகக் கொள்வதால், முன்குனியும் கோணத்தை ஓரளவு நம்பலாம். இடுப்பைத் திருப்பும் கோணம் அப்படியன்று. அதைப் பிழையின்றிக் கணிக்கப் பல கருவிகள் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியை நாடுகின்றன, மோட்டார்களும் வார்ப்பிரும்பும் நிறைந்த உங்கள் கூடத்தில் அது தடுமாறும். ஷிஃப்ட் தொடங்கும்போது ஒவ்வொருவரையும் நிமிர்ந்து நிற்கவைத்துக் கருவியைச் சரிபார்ப்பதையும், பட்டை நழுவினால் மறுபடி சரிபார்ப்பதையும் தவிர்க்கவே கூடாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமான குறை, சுமையின் எடை கோணத்தில் தெரியாது என்பதுதான். வெறுங்கையோடு குனிந்தவருக்கும் 20 கிலோ பம்பைத் தூக்கியவருக்கும் ஒரே கோணம் பதிவாகலாம். எவ்வளவு எடையைத் தூக்கலாம் என்று கணக்கிட, அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) தரும் தூக்குதல் சமன்பாடு, எல்லா நிலைமைகளும் சாதகமாக இருந்தால் 23 கிலோ என்று தொடங்குகிறது. ஆனால் கணுக்கால்களின் நடுப்புள்ளியிலிருந்து 50 செ.மீ. தள்ளி, தரைமட்டத்தில் இருக்கும் பொருளைத் தூக்குவதானால், மற்ற நிலைமைகள் எல்லாம் சாதகமாக இருந்தாலும் பரிந்துரைக்கும் எடை ஏறத்தாழ 9 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே எடையையும், தூரத்தையும், மணிக்கு எத்தனை முறை தூக்குகிறார்கள் என்பதையும் நீங்களே அளந்து, சென்சார் பதிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

தொழிலாளர்களிடம் நோக்கத்தை விளக்கி ஒப்புதல் பெறுங்கள். அணிய மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள். பதிவுகள் சம்பளத்துக்கோ வேலைத்திறன் மதிப்பீட்டுக்கோ போகாது என்று எழுத்தில் கொடுங்கள், ஏனெனில் கண்காணிக்கப்படுகிறோம் என்று அஞ்சுபவர் வழக்கம்போல் வேலை செய்யமாட்டார், அந்தப் பதிவும் பயன்படாது. முதலில் அசெம்பிளி பிரிவின் ஒரே ஒரு பணியிடத்தில், வெவ்வேறு உயரமுள்ள சிலரைக் கொண்டு சில நாள்கள் அளவெடுங்கள். பிறகு தரையிலிருக்கும் பம்புகளை இடுப்பளவு மேசைக்கு உயர்த்தி, அதே ஆட்களை அதே வேலையில் மறுபடி அளந்து, குனிந்திருந்த நிமிடங்கள் குறைந்தனவா என்று பாருங்கள்.