மெக்பெத்தைக் கொலைகாரனாக்கியது அவன் மனைவியா?

முழுப் பழியையும் அவள்மேல் போடுவது சரியில்லை என்றே நினைக்கிறேன். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், மனைவியைச் சந்திக்கும் முன்பே தளபதி மெக்பெத், மன்னனாக வேண்டும் என்ற தன் கறுப்பு ஆசையை வெளிச்சம் பார்த்துவிடக் கூடாதென்று நட்சத்திரங்களை ஒளிந்துகொள்ளச் சொல்கிறான். ஆசை அவனுடையதுதான்.

ஆனால் முதல் அங்கம் ஏழாம் காட்சியில் அவன் பின்வாங்குகிறான். மன்னன் டன்கன் தன் உறவினன், தன் வீட்டு விருந்தாளி, நல்லவன்; அவனைக் கொல்ல வேண்டாம் என்கிறான். அவளோ நியாயம் பேசுவதே இல்லை. நீ கோழையா, செய்யத் துணிந்தபோதுதான் நீ ஆண்பிள்ளை என்று குத்துகிறாள். காவலர்களுக்கு மது கொடுத்துப் பழியை அவர்கள்மேல் போடலாம் என்று திட்டமும் தருகிறாள். கொஞ்ச நேரத்திலேயே அவன் இணங்கிவிடுகிறான்.

அப்புறம் நடப்பதைக் கவனியுங்கள். தன் சக தளபதி பாங்கோவைக் கொல்ல ஆள் பிடிக்கும்போது மெக்பெத் அவர்களிடம் அதே ஆண்மைப் பேச்சைத்தான் எடுக்கிறான். தன்மேல் பாய்ந்த ஆயுதத்தை அப்படியே கற்றுக்கொண்டான். இம்முறை மனைவிக்கு எதுவும் சொல்லவில்லை.

குற்றவுணர்வும் இடம் மாறுகிறது. டன்கனைக் கொன்ற இரவில் 'ஆமென்' சொல்ல வராமல் நடுங்கியவன் அவன். கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவிவிடலாம் என்றவள் அவள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்தபடி, இல்லாத ரத்தத்தைக் கழுவிக் கழுவிப் பார்ப்பவளும் அவளே. இரவு முழுக்கப் பக்கத்தில் விளக்கு எரிய வேண்டும் என்பது அவள் கட்டளை. ஒருகாலத்தில் இருட்டைக் கூவி அழைத்தவள்!