ஓய்வை எப்போது எடுப்பது?

அன்புள்ள ஐயா,

கூலி உயர்ந்தால் மக்கள் கூடுதலாக உழைப்பார்கள் என்கிறது பொருளியல். வருமானம் பெருகினால் ஓய்வை நாடுவார்கள் என்பதும் அதே பாடத்தில் வருகிறது. எது நடந்தாலும் பலித்துவிட்டதாகச் சொல்லும் சோதிடம்தானே இது?

கே.

அன்புள்ள கே.,

சீண்டல் நியாயமானதே. ஆனால் அந்த உயர்வு எத்தனை நாளைக்கு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆயுள் முழுக்கக் கூலி இரட்டிப்பானால் ஒருவர் வசதி படைத்தவராகிறார். இன்று விட்ட வேலையை நாளை அதே கூலிக்குச் செய்யலாம், அதனால் ஓய்வை நாடக்கூடும். இந்த மாதம் மட்டும்தான் என்றால் அவர் பெரிதாகப் பணக்காரராவதில்லை, இந்த மாத விடுப்புதான் அவருக்கு அதிக நஷ்டம். ஆகவே ஓய்வைத் தள்ளிப்போடுவார்.

எனக்குப் பிடித்த சான்று ஐஸ்லாந்து. அங்கே முந்தைய ஆண்டின் வருமானத்துக்கு மறு ஆண்டில் வரி கட்டிவந்தார்கள். 1988இல் சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை வந்தது. 1987இல் கட்டியது 1986க்கான வரி, 1988இல் கட்டியது 1988க்கான வரி. இடையில் 1987இன் சம்பாத்தியம் வரியே இல்லாமல் தப்பியது! முன்கூட்டியே அறிவித்துவிட்டதால் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு அவர்கள் கூடுதலாக உழைத்தார்கள்.

சோதிடம் தோற்பதில்லை, இந்தக் கோட்பாடு தோற்கக்கூடியது. தோற்றுவிட்டதாகவே 1997இல் ஓர் ஆய்வு சொன்னது: நியூயார்க் டாக்சி ஓட்டுநர்கள் நல்ல வசூல் கிடைக்கும் நாளில் சீக்கிரமே வண்டியை நிறுத்திவிடுகிறார்களாம், அன்றைய இலக்கு கைக்கு வந்துவிட்டதால். பின்னர் பொருளியலாளர் ஹென்றி ஃபார்பர் மிகப் பெரிய தரவுகளைக் கொண்டு அதை மறுத்தார். சூரிச்சில் சைக்கிளில் கூரியர் கொண்டுசெல்பவர்களுக்கு நான்கு வாரம் மட்டும் கமிஷனை 25 சதவீதம் உயர்த்திப் பார்த்தார்கள். அதிக ஷிஃப்ட்டுகளுக்கு வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் சற்றுக் குறைவாகவே ஓடினார்கள். இரு தரப்புக்கும் கொஞ்சம் தீனி!

நான் உடன்படாத இடம் வேறு. 1969இல் பொருளியலாளர்கள் லூகாஸும் ராப்பிங்கும் இதே தர்க்கத்தை வேலையின்மைக்கும் நீட்டினார்கள்: இப்போதைய கூலி வழக்கத்தைவிடக் குறைவு என்று கருதுபவர், நல்ல கூலி வரும்வரை காத்திருக்கிறாராம். சூரிச் ஊழியர்கள் தங்கள் ஷிஃப்ட்டைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். ஆலை மூடப்பட்டு, எந்தக் கூலிக்கும் வேலை கிடைக்காமல் நிற்பவர் எதைத் தேர்ந்துகொண்டார்?